அப்பா அம்மாவை ஆஸ்திரேலியாவுக்கு அழைக்க எந்த விசா? 143, 864, 870, 600 ஓர் ஒப்பீடு

"143 போடலாமா, 870 போதுமா?" பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து, வீட்டுக் கடன் எடுத்து, முதல் குழந்தையும் பிறந்த பிறகு ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழர் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்கும்போதே பதிலைப் பாதி முடிவு செய்துவைத்திருப்பார்கள். நிரந்தர விசா (143) என்றால் உசத்தி, தற்காலிக விசா (870) என்றால் வேறு வழியில்லாதவர்களுக்கு என்று ஒரு கணக்கு. பெற்றோர் விசாவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் முடிகிறது.

காரணம் க்யூ. பெற்றோருக்கான நிரந்தர விசாக்களுக்கு அரசு ஆண்டுக்கு 8,500 இடம் ஒதுக்குகிறது. அதில் பெரும்பணம் கட்டும் வகைக்கு (143, 864) 6,800, மற்ற வகைக்கு (103, 804) 1,700. வரிசையில் நிற்கும் விண்ணப்பங்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். பணம் கட்டும் வகையில் புதிதாகப் போடுபவர்கள் குறைந்தது 14 ஆண்டு, மற்ற வகையில் 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று உள்துறை அமைச்சகமே சொல்கிறது. கிடைக்கவே போகாத விசாவுக்கு மக்களை விண்ணப்பிக்க விடுவது கொடுமை என்று 2023இல் வந்த குடிவரவு மறுஆய்வு அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. எழுதியதோடு சரி, வரிசை அப்படியேதான் இருக்கிறது.

அதனால் எந்த விசா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: விசா கைக்கு வரும் நாளில் அப்பாவுக்கு என்ன வயது இருக்கும்? 60 வயதில் 143 போட்டால் 74. பணம் மிச்சம் என்று 103 போட்டால் 90க்கு மேல். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் உங்கள் கையிலேயே இல்லை. பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. நிரந்தர வகை எதுவாக இருந்தாலும், பெற்றோரின் பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும். இல்லையென்றால், வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பவர்களைவிட இங்கே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, வசிக்கும் நாடு எல்லாம் வரிசையாக எழுதச் சொல்வார்கள். மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழிப் பிள்ளைகளும் எண்ணிக்கையில் வருவார்கள்.

நம் வீடுகளில் இது எப்படி அமையும் என்று பாருங்கள். மகன் மெல்பனில், மகள் கோயம்புத்தூரில்: இரண்டில் ஒன்று, பாதி, தேறும். மகன் மெல்பனில், மகள்கள் இருவரும் தமிழ்நாட்டில்: மூன்றில் ஒன்று, தேறாது. யாழ்ப்பாணக் குடும்பம், ஐந்து பிள்ளைகள், சிட்னி, டொராண்டோ, லண்டன், பாரிஸ், ஊர் என்று ஆளுக்கொரு நாடு: இங்கே இருப்பவர் ஒருவர், மற்ற நாடுகளிலும் ஒவ்வொருவர், அதிகம் இல்லை, தேறாது. அதே ஐந்து பேரில் இருவர் சிட்னியில், மற்ற மூவரும் மூன்று நாடுகளில் என்றால் தேறும். தம்பி இங்கே மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தால் அவர் ஆஸ்திரேலியக் கணக்கில் சேரமாட்டார், பி.ஆர். வாங்கியிருக்க வேண்டும். அம்மா தனியாக இருக்கிறார், இங்கே இருப்பது ஒரே மகன்தான், ஊரில் இருக்கும் மகள்கள் கவனிப்பதே இல்லை என்றெல்லாம் கடிதம் எழுதி இந்த விதியைத் தளர்த்த முடியாது. தேறாவிட்டால் 143, 864, 103, 804 எதையும் யோசிக்க வேண்டாம், நேராக 870, 600 பகுதிகளுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது உடல்நிலை. அதிலும் இன்றைய உடல்நிலை இல்லை, வரிசை முடியும் நாளில் இருக்கும் உடல்நிலை. மருத்துவப் பரிசோதனை கடைசியில்தான் நடக்கும். இவருடைய சிகிச்சைக்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று மருத்துவ அதிகாரி மதிப்பிடுவார். அது வரம்பைத் தாண்டினால் விசா மறுக்கப்படும். 2024 ஜூலையிலிருந்து அந்த வரம்பு 86,000 டாலர். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பொதுவாகத் தடையாகாது. டயாலிசிஸ், மறதி நோய் போன்றவை தடையாகும். 143க்கு இதில் விலக்கும் கிடையாது.

மூன்றாவது பணம். எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் பார்க்க வேண்டும். நான்காவது, பெற்றோருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது. இதைப் பலரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை. "பேரனைப் பார்த்துட்டு வந்துடறேன்ப்பா, அங்கேயே இருக்கச் சொல்லாதே" என்று சொல்லும் அம்மாவுக்கு 143 எதற்கு?

கீழே உள்ள தொகைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலர், ஒருவருக்கானவை. கட்டணங்கள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று கொஞ்சம் ஏறும் என்பதால் சில்லறையை விட்டுவிட்டு முழு எண்ணாகத் தருகிறேன்.

| | 143 | 864 | 870 | 600 | 103 / 804 |
|---|---|---|---|---|---|
| வகை | நிரந்தரம் | நிரந்தரம் | தற்காலிகம், 3 அல்லது 5 ஆண்டு | வருகையாளர் | நிரந்தரம் |
| விண்ணப்பிக்கும்போது கட்டுவது | சுமார் 5,000 | சுமார் 5,000 | ஸ்பான்சர் மனுவுக்கு 420, விசாவுக்குச் சுமார் 1,200 | சுமார் 200 | சுமார் 5,000 |
| விசா கிடைக்கும்போது கட்டுவது | 43,600 | 43,600 | மீதி (மொத்தம் 3 ஆண்டுக்குச் சுமார் 6,000, 5 ஆண்டுக்கு 12,000) | இல்லை | சுமார் 2,000 |
| காத்திருப்பு | 14 ஆண்டாவது | 14 ஆண்டாவது, ஆனால் இங்கேயே இருந்தபடி | மாதக்கணக்கு | வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு | 30 ஆண்டுக்கு மேல் |
| பிள்ளைகள் கணக்கு | உண்டு | உண்டு | இல்லை | இல்லை | உண்டு |
| மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) | விசா கிடைத்ததும் | விசா கிடைத்த பிறகே | இல்லை | இல்லை | விசா கிடைத்த பிறகே |

143: பெரும்பணம் கட்டும் பெற்றோர் விசா

இதைப் பற்றி இருக்கும் பெரிய தவறான எண்ணம், ஒரு லட்சம் டாலர் கையில் இருந்தால்தான் போட முடியும் என்பது. விண்ணப்பிக்கும்போது கட்டுவது சுமார் 5,000. துணைவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தலைக்கு 43,600 என்ற பெரிய தொகையை, வரிசை முடிந்து, விசா தரலாம் என்று முடிவான பிறகுதான் கேட்பார்கள். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து மொத்தம் 94,000 அளவுக்கு வரும், ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் பதினாலு வருஷம் கழித்து. முதல் கட்டணம் திரும்பி வராது. அதாவது, சுமார் 7,000 டாலர் கொடுத்து வரிசையில் ஓர் இடம் பிடித்துவைக்கிறீர்கள். வேண்டாம் என்றால் அப்போது விலகிக்கொள்ளலாம்.

பெரிய தொகையை இரண்டாகப் பிரித்துக் கட்ட 173 என்று ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கான அந்தத் தற்காலிக விசாவுக்கு 29,130, அப்புறம் 143க்கு மாறும்போது 19,420. கூட்டிப் பார்த்தால் ஒருவருக்கு 5,000 டாலர் போல அதிகமாகிறது. கையில் ரொக்கம் இல்லாதவர்களுக்கு உதவும், அவ்வளவுதான். காத்திருப்பை இது குறைக்காது.

பட்டியலில் தெரியாத செலவு, உத்தரவாதத் தொகை. பெற்றோர் அரசு உதவித்தொகை கேட்டுப் போனால் அதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று பிள்ளையோ வேறு ஒருவரோ பொறுப்பேற்க வேண்டும். முதல் விண்ணப்பதாரருக்கு 10,000, துணைவருக்கு 4,000 வங்கி உத்தரவாதமாக 10 ஆண்டு முடங்கிக் கிடக்கும். செலவில்லை, திரும்ப வரும் பணம்தான். ஆனாலும் பெரிய தொகை கட்டும் அதே மாதங்களில் இதையும் புரட்ட வேண்டும். பொறுப்பேற்பவரின் வருமானத்தையும் பார்ப்பார்கள், அந்த வயதில் நீங்கள் என்ன வேலையில் இருப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கும் பொதுவாகப் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 74 வயதில் விசா கிடைத்தவருக்கு அது 84இல்தான். "விசா வந்துட்டா பென்ஷன் வந்துடும்" என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் அதை இப்போதே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

அப்படியானால் லாபம் எது? மெடிகேர்தான். விசா கிடைத்த நாளிலிருந்து அரசு மருத்துவமனை, மானிய விலை மருந்து எல்லாம் உண்டு. எழுபதுகளில் இருக்கும் ஒருவருக்கு இது 43,600க்கு ஈடான விஷயம் என்றே நினைக்கிறேன். சிக்கல், அந்த எழுபதுகளுக்கு நல்ல உடல்நிலையோடு போய்ச் சேருவதில்தான் இருக்கிறது.

ஆகவே 143 யாருக்குப் பொருந்தும் என்றால், பெற்றோர் ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர்களுக்கு. இன்னும் வேலையில் இருக்கிறார்கள், இங்கே வந்து குடியேறும் எண்ணம் இப்போது துளியும் இல்லை என்ற நிலையில் போடுவதுதான் சரியான நேரம். 20களின் இறுதியில் பி.ஆர். வாங்கியவர்களுக்கு இது காதில் ஏறாது. அவசரமாகத் தோன்றும்போது போட்டால் நேரம் கடந்திருக்கும். அப்பா சில ஆண்டுகளுக்கு முன்வரை வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்றால், கடந்த 10 ஆண்டில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வரிசை நீளுவதில் ஒரே ஒரு நன்மை, அந்தப் பழைய வேலைக்காலம் 10 ஆண்டு எல்லைக்கு வெளியே போய்விடலாம்.

864: இங்கேயே இருந்தபடி காத்திருப்பது

143இன் அதே பணம், அதே வரிசை. ஒரு பெரிய வித்தியாசம்: ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்கலாம், முடிவு வரும்வரை பிரிட்ஜிங் விசாவில் (இடைக்கால விசா) இங்கேயே வாழலாம். விண்ணப்பிப்பவர் ஓய்வூதிய வயதை, அதாவது 67ஐ, எட்டியிருக்க வேண்டும். துணைவர் வயதில் குறைந்தவராக இருக்கலாம்.

தாள் அளவில் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. அம்மாவும் அப்பாவும் கூடவே இருக்கிறார்கள், பெரிய தொகை எப்போதோதான். ஆனால் வாசலிலேயே ஒரு தடை நிற்கிறது. வருகையாளர் விசா கிடைத்த கடிதத்தில் நிபந்தனைகள் என்று ஓர் இடத்தில் நான்கிலக்க எண்கள் வரிசையாக இருக்கும். 8101 என்றால் வேலை செய்யக் கூடாது. 8201 என்றால் மூன்று மாதத்துக்கு மேல் படிக்கக் கூடாது. இதெல்லாம் பரவாயில்லை. அந்த வரிசையில் 8503 இருந்தால், இங்கே இருந்துகொண்டு வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. விசா தந்த பிறகு நம் கைமீறிய பெரிய மாற்றம் ஏதாவது நடந்தால் ஒழிய அதை நீக்கமாட்டார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை எடுத்து எண்களைப் பாருங்கள். விமானத்திலிருந்து இறங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. 870இல் வந்தவர்களுக்கும் இந்த வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவு மருத்துவம். பெற்றோர் விசா கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு மெடிகேர் கிடையாது. பிரிட்டன், இத்தாலி போன்ற சில நாட்டவருக்கு ஒப்பந்தப்படி கொஞ்சம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக 14 ஆண்டு, 67இலிருந்து 81 வரை, மருத்துவமனைச் செலவு முழுக்கத் தனியார் காப்பீட்டின் மீதும் உங்கள் மீதும். இங்கே ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 12 மாதம் வரை காப்பீடு கைகொடுக்காது என்பது பொதுவான விதி. வயதானவர்களில் ஏற்கெனவே நோய் இல்லாதவர் யார்? ஊருக்குப் போய்வர வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும். வாங்காமல் கிளம்பிவிட்டால் திரும்பி வர அந்த விசா உதவாது. ஊரில் ஒரு சாவு என்று இரவோடு இரவாகப் புறப்படும் குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

67 தாண்டியவர்கள், ஊரில் பெரிய பிடிப்பு இல்லாதவர்கள், ஓரளவு நல்ல உடல்நிலை, வருகையாளர் விசாவில் 8503 இல்லாமல் வந்திருப்பவர்கள் என்றால் 864ஐத்தான் முதலில் யோசிப்பேன். தாத்தா பாட்டி இருவரில் ஒருவர் காலமாகி, மற்றவர் தனியாக நிற்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

870: ஸ்பான்சர் செய்யப்பட்ட பெற்றோருக்கான தற்காலிக விசா

2019இல் வந்தது. பிள்ளைகள் கணக்கு இல்லை என்பதே இதன் பெரிய பலம். கோயம்புத்தூரில் மூன்று மகள்கள் இருந்தாலும் பெர்த் மகன் அழைக்கலாம். ஆண்டுக்கு 15,000 இடம். 3 ஆண்டு அல்லது 5 ஆண்டு எடுக்கலாம், வாழ்நாளில் மொத்தம் 10 ஆண்டுதான். ஒரு விசா முடிந்து அடுத்ததற்கு முன் 90 நாளாவது வெளிநாட்டில் இருந்தாக வேண்டும்.

இரண்டு படி உண்டு. முதலில் பிள்ளை ஸ்பான்சராக ஒப்புதல் வாங்க வேண்டும், குடியுரிமையோ பி.ஆரோ இருந்து, நான்கு ஆண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வரிக்குரிய வருமானம் 83,454.80 டாலர் தேவை. கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். மகப்பேறு விடுப்பில் இருக்கும் ஆண்டை வைத்து விண்ணப்பிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. குழந்தைக்காகத்தான் அம்மாவை அழைப்போம், அதே குழந்தையால்தான் அந்த வருஷம் வருமானம் குறைந்திருக்கும். முந்தின ஆண்டின் வரிக் கணக்கு நன்றாக இருக்கும்போதே ஸ்பான்சர் மனுவைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இருவருக்கு 5 ஆண்டு என்றால் 24,000. பத்து ஆண்டுக்கு 48,000. 143இன் பாதி விலை, முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சாது. இப்படிச் சொல்லித்தான் பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஆனால் எந்தப் பத்து ஆண்டு என்று பார்க்க வேண்டாமா? அப்பாவுக்கு 63இலிருந்து 73. நடக்க முடிகிற, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரத் தெம்பு இருக்கிற பத்து ஆண்டு. 143 தருவது அதற்குப் பிறகு வரும் ஆண்டுகள். இரண்டையும் வெறும் விலையால் ஒப்பிடுவது சரியாகப் படவில்லை.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா இருக்கும்வரை தொடர்ந்து இருக்க வேண்டும். மானிய விலை மருந்து கிடையாது. ஊரிலிருந்து வரும்போது டாக்டர் சீட்டுடன் மூன்று மாதத்துக்கான மாத்திரை கொண்டுவரலாம், அதற்கு மேல் இங்கேதான் வாங்க வேண்டும். பல், கண்ணாடி, செவிக்கருவி ஆகியவை அடிப்படைக் காப்பீட்டில் வராது; ஊரில் செய்துகொண்டு கிளம்புவது நல்லது. அரசு மருத்துவமனையில் கட்டாத பாக்கி நின்றால் அடுத்த விசாவுக்கு அது இடைஞ்சல். வேலை பார்க்க அனுமதி இல்லை. சொந்தப் பேரனைப் பார்த்துக்கொள்வதை யாரும் கேட்கப் போவதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து போடும் 143 வரிசையில் நின்றுகொண்டே 870இல் வந்து இருக்கலாம். ஐம்பதுகளின் இறுதியில் 143 போட்டு, அறுபதுகளில் 870 எடுத்து, 143 வரும்போது உடல்நிலை பார்த்து முடிவு செய்வது என்பது என் பார்வையில் நல்ல கூட்டணி. பணம் இரண்டு பக்கமும் போகும் என்பது உண்மை.

600: வந்து போவது

சுமார் 200 டாலர். பெற்றோருக்கு 12 மாதம் வரை தங்க அனுமதி கிடைப்பதுண்டு, பலமுறை வந்து போகும்படி சில ஆண்டு செல்லுபடியும் உண்டு. பெற்றோர் விசா வரிசையில் இருப்பவர்களுக்கு நீண்ட கால விசா தரும் ஏற்பாடும் இருக்கிறது. கவனிக்க வேண்டிய எண் 8558: எந்த 18 மாதத்தை எடுத்தாலும் அதில் 12 மாதத்துக்கு மேல் இங்கே இருக்கக் கூடாது. 75 தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள்.

ஆண்டுக்கு ஆறு மாதம் வரை இங்கே, மீதி ஊரில் என்று வாழ நினைப்பவர்களுக்கு இதுவே போதும், கூடுதல் விசா எதற்கும் பணம் செலவழிக்கத் தேவையில்லை. மெல்பன் குளிர்காலத்தில் முழங்கால் வலியோடு ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட ஜூன் மாதம் ஊரில் இருப்பது பல பெற்றோருக்குப் பிடிக்கும். காப்பீடு சில சமயம் நிபந்தனையாக வராது, வராவிட்டாலும் எடுங்கள். காப்பீடு இல்லாமல் ஒரு மாரடைப்பு வந்தால் அந்த ஒரு பில் 870 கட்டணத்தைத் தாண்டிவிடும்.

103, 804

30 ஆண்டு வரிசைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 103 போடுவதில் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை. 804 கொஞ்சம் வேறு: 864 போலவே உள்நாட்டில் போட்டு பிரிட்ஜிங் விசாவில் வாழலாம், 43,600 கட்ட வேண்டியதில்லை. விசா கிடைக்காது என்று தெரிந்தே, கடைசிக் காலத்தைப் பிள்ளையோடு கழிக்கும் வழியாக இதைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி சரிதான். மெடிகேர் ஒருநாளும் வராது என்பதை ஏற்றுக்கொண்டு, காப்பீட்டை முழுக்கச் சுமக்க முடிந்தவர்களுக்கு மட்டும்.

ஊர்ப் பக்கத்துக் கணக்கு

விசாக் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவு செய்பவர்கள் விட்டுவிடும் பகுதி இது. இந்தியாவில் ஓராண்டில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரி, வங்கி இரண்டிலும் நிலை மாறக்கூடும். நிரந்தரமாகக் கிளம்பினால் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் பணம் போட முடியாது. ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், அதற்கான வழியைக் கிளம்பும் முன்பே செல்பேசியில் பழக்கிவிடுங்கள்.

143க்கான பணத்தை ஊர் வீட்டை விற்று அனுப்புவதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் ஓராண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொள்ளும். கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்துக்கு அந்த 20 சதவீதம் கையில் இருக்காது என்பதை வைத்துத் திட்டமிட வேண்டும்.

வீட்டை விற்பதைப் பற்றி இன்னொன்று. அந்தப் பணத்தை உங்கள் வீட்டுக் கடனில் போட்டு, பின்கட்டில் பெற்றோருக்கு ஓர் அறை என்று பேசிக்கொள்வது வழக்கம். எழுத்தில் எதுவும் இருக்காது. பிள்ளைகளின் திருமணம் முறிந்தால் அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி வரும், பெற்றோரிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. வாழ்நாள் முழுக்கத் தங்கும் உரிமையை எழுதிவைக்க இங்கே முறையான வழி இருக்கிறது. வழக்கறிஞரிடம் கொடுக்கும் சில ஆயிரம் டாலரைக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீட்டை, வெளிநாட்டில்தானே இருக்கிறோம் என்று நிறுத்தவும் வேண்டாம். 870இன் 90 நாள் இடைவெளியில் அது தேவைப்படும். எழுபது வயதில் புதிதாக எடுப்பது எளிதில்லை.

இரண்டு பக்கத்துப் பெற்றோர்

870இல் ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேரைத்தான் ஸ்பான்சர் செய்ய முடியும். என் அப்பா அம்மாவா, உன் அப்பா அம்மாவா என்ற கேள்வியை அரசே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. இதில் சண்டை வராமல் இருக்க, யாருக்கு எந்த வழி அடைபட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. மனைவியின் பெற்றோருக்குப் பிள்ளைகள் கணக்கு தேறி, வயது ஐம்பதுகளில் இருந்தால் அவர்களுக்கு 143 போட்டுவிட்டு 600இல் வந்து போகச் சொல்லலாம். கணவனின் பெற்றோருக்கு அந்தக் கணக்கு தேறாவிட்டால் 870 அவர்களுக்கு. இரு பக்கமும் தேறாவிட்டால், 3 ஆண்டு விசாவை ஒரு ஜோடி எடுத்து, அது முடிந்ததும் அடுத்த ஜோடி எடுக்கலாம். 5 ஆண்டு எடுத்தால் மற்றவர்களின் முறை வருவதற்குள் வயதாகிவிடும். அதனால் இந்த நிலையில் இருப்பவர்கள் 5 ஆண்டு எடுக்காமல் 3 ஆண்டே எடுப்பது உசிதம். காத்திருக்கும் ஜோடி 600இல் பள்ளி விடுமுறைக்கு வந்து போகலாம்.

யாரிடம் ஆலோசனை கேட்டாலும் அவர் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டா, அல்லது வழக்கறிஞரா என்று உரிய பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுங்கள். பதிவில்லாமல் விசா ஆலோசனை சொல்வதே இங்கே சட்ட விரோதம். 2018 ஜூனுக்கு முன் 143க்கு இப்படி வரிசை இருக்கவில்லை. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து "ரெண்டு வருஷத்துல வந்துடும்" என்று சொல்லும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள்.